மலையகத்தின் எழுதுகோல் – கோ. நடேசய்யர்
(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவர், அரியூர் நாடு, கொல்லிமலை)

இலங்கைத் தேயிலையைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழகத்தில் இரார். அத்தேயிலைக் கொழுந்தைப் பறித்த கைகள் நம் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் மாவட்டத்துக் கைகள் என்பதும் ஓரளவு தெரிந்த செய்தியே. அந்தக் கைகளுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதுகோல் பிடித்த ஒருவரை மட்டும் நாம் மறந்து விட்டோம். கடல் கடந்த மலையகத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே, அவர் பிறந்த மண்ணில், பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அவர்தான் கோதண்டராம நடேசய்யர்.

தஞ்சை மாவட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர் நடேசய்யர். இளமையிலேயே வணிகர்களுக்கென ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். 1915 வாக்கில் இலங்கைக்குச் சென்றார். சென்ற வேலை வணிகர் சங்கத் தொடர்பானது. அங்கே அவர் கண்ணில் பட்டதோ தோட்டத் தொழிலாளரின் வாழ்வு.

அக்காலத் தோட்டம் என்பது ஊர் அன்று. துரையின் சொந்த இடம். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. உற்றார் உறவினர் வந்தாலும் கங்காணிக்குப் பதில் சொல்ல வேண்டும். நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு துணி மூட்டையுடன் தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில், ஒற்றை அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடப்பதை நேரில் பார்த்தார். பத்திரிகைத் தொழிலின் முதற்பாடம் இதுதான் என்பது என் எண்ணம். மேடையில் பேசுபவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது எளிது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் கடினம்.

சில ஆண்டுகளில் அவர் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டார். 1921-இல் ‘தேசநேசன்’, 1924-இல் ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்கள் அவர் ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்தன. தொழிலாளர் குறைகளைத் தமிழில் அச்சேற்றிய முன்னோடி இதழ்கள் இவை. ஆளும் வெள்ளையருக்கும் இச்செய்திகள் எட்ட வேண்டும் என்று ஆங்கில இதழ்களும் நடத்தினார். காவல் துறையின் குறிப்பேடுகளில் அவர் பெயர் இடம்பெறத் தொடங்கியதில் வியப்பில்லை.

அவர் மனைவி மீனாட்சி அம்மையாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவர் நிழலில் நின்றவர் அல்லர் அவர். ‘தேசபக்தன்’ இதழில் பெண்களுக்காக எழுதினார்; பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1920-களிலேயே வாதாடினார். தொழிலாளர் கூட்டங்களில் பாரதியார் பாடல்களைப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் தலையங்கம் என்ன செய்யும்? ஆதலால் மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டி, சிறு நூல்களாக அச்சிட்டுத் தோட்டந்தோறும் பரப்பினார்.

இனி நம் கதைக்கு இன்றியமையாத மற்றொருவர் வருகிறார். ஏ. ஈ. குணசிங்கா என்னும் சிங்களத் தொழிலாளர் தலைவர். 1922-இல் இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தவர். 1923-இல் கொழும்பைக் குலுக்கிய பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அந்நாளில் அவர் சங்கத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையாளி என்ற வேறுபாடு இல்லை. நடேசய்யர் அச்சங்கத்தில் இணைந்து துணைத் தலைவராகப் பணியாற்றினார். 1927-இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். 1928 வாக்கில் பிரிந்தார்கள். பிரிவுக்குச் சொந்தப் பிணக்குகளும் உண்டு. ஆனால் அதன்பின் குணசிங்கா சென்ற வழியை வெறும் சொந்தப் பிணக்கு என்று தள்ளிவிட முடியாது.

1929-இல் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. தேயிலை, இரப்பர் விலைகள் சரிந்தன. கொழும்பில் வேலையற்றோர் கூட்டம் பெருகியது. பசித்தவனுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். விலையைச் சரித்த இலண்டன் சந்தையைக் காட்டினால் அவனுக்கு விளங்காது; பக்கத்தில் நின்று வேலை செய்யும் அயலானைக் காட்டினால் உடனே விளங்கும். குணசிங்கா அயலானைக் காட்டினார். முதலில் கொழும்பில் இருந்த மலையாளிகள், பின்னர் இந்தியர் அனைவரும் அவர் தாக்குதலுக்கு இலக்காயினர். வேலையைப் பறிக்க வந்தவர்கள், பெண்களைக் கவர்ந்து இனத்தின் தூய்மையைக் கெடுக்க வந்தவர்கள் என்ற பேச்சு எழுந்தது. அவருடைய ‘வீரய’ என்ற சிங்களப் பத்திரிகையே இந்த அச்சத்தை வாரந்தோறும் ஊட்டியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எல்லா இனத் தொழிலாளரையும் ஒரே ஊர்வலத்தில் நடத்திய மனிதர் இவர் என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

(ஓர் இடைக்குறிப்பு. கொல்லிமலையில் மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள். அது எங்கள் குலப்பெயர். கொழும்பில் தாக்கப்பட்டவர்கள் கேரளத்து மலையாளிகள். பெயர் ஒன்று, மக்கள் வேறு. எனினும் அந்தச் சொல்லை வசைச்சொல்லாக்கிப் பத்திரிகை நடந்தது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. எங்கள் முன்னோரும் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்றுதான் பெரியவர்கள் கதை சொல்கிறார்கள்.)

இந்தியத் தொழிலாளர் இலங்கையில் நிலைத்தது எப்படி என்பதை அரியூர் நாட்டவருக்கு விளக்குவது எளிது. நம் மலையில் காப்பி இருக்கிறது, மிளகு இருக்கிறது. காப்பிப் பழம் பறிப்புக்கு ஒரு பருவம் உண்டு. பருவம் முடிந்தால் ஆட்கூட்டம் கலைந்துவிடும். இலங்கையிலும் தொடக்கத்தில் காப்பிதான். தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் தோணியேறியும் சென்றவர்கள் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தில் தேயிலை ஏறியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே கூலியாட்கள் குடும்பத்தோடு தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், அப்பிள்ளைகளும் அங்கேயே கூடை சுமந்தார்கள். படையெடுத்து வந்தவர்கள் என்று பின்னாளில் மேடைகளில் சித்திரிக்கப்பட்ட மக்கள், கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகக் கடன் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அம்முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

ஆனால் கண்டிச் சீமைச் சிங்கள உழவரின் ஆற்றாமையும் பொய்யன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒருபக்கம் பேசியவனாவேன். 1840-இல் வெள்ளையர் அரசு ஒரு சட்டம் இயற்றி, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசு நிலமாக்கியது. அந்நிலங்கள் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. மலைவாழ் மக்களுக்கு இந்த வேதனை தெரியும். பத்திரம் இல்லாத நிலம் எப்படிக் கைமாறும் என்பதை எங்கள் நாட்டுத் திண்ணைகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கண்டி உழவரின் அச்சத்துக்கு வேர் இருந்தது. நிலத்தைக் கொண்டு போனவர் துரை; அரசியல்வாதி சுட்டிக் காட்டியதோ லயனில் கிடந்த கூலியை. இந்த இடத்தில் பத்திரிகைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். காணாமற்போன நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? இதைக் கேட்பதற்குப் பெரிய துணிவு வேண்டும், ஏனென்றால் தோட்ட முதலாளிகளைப் பகைத்துக்கொண்டு அந்நாளில் கொழும்பில் பத்திரிகை நடத்துவது எளிதன்று. நடேசய்யர் தம் வாழ்நாள் முழுவதும் தோட்டத்துரைமாரின் ஆட்சியையே தம் எழுத்துக்கு இலக்காக்கினார்.

1920-களின் நடுவில் அவர் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். அக்காலத்தில்தான் டொனமூர் ஆணைக்குழு வந்தது. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற அதன் பரிந்துரை, ஆசியாவிலேயே புதுமையானது. உடனே ஓர் அச்சக் கூக்குரல் எழுந்தது. இந்தியக் கூலிகளுக்கு வாக்குக் கொடுத்தால் கண்டிச் சீமைத் தொகுதிகள் மூழ்கிப் போகும் என்று தலைவர்கள் பேசினார்கள். நடேசய்யர் சபையில் தொழிலாளர் வாக்குரிமைக்காக வாதாடினார். எனினும் நிலையான வாழிடத்தை நிறுவ வேண்டும் என்ற நிபந்தனைகள் இந்தியர் தலையில் ஏறின. 1931-இல் வாக்காளராகப் பதிவான இந்தியர் ஏறத்தாழ 1 இலட்சம் பேர். தோட்ட மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறுபகுதி.

அதே 1931-இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் தொடங்கினார். மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 1929-இல் 54 சதம். மந்தத்தைக் காட்டி அதையும் குறைத்தார்கள். அயலான் நம் வேலையைத் தின்கிறான் என்று கொழும்பில் பேச்சு நடந்த அதே காலத்தில், அந்த அயலானின் அரை ரூபாய்க் கூலி மேலும் சுருங்கிக் கொண்டிருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளருக்கு விளங்கும் தமிழில் நடேசய்யர் நூலாக எழுதிக் கொடுத்தார். நாடகமும் எழுதினார், 1937-இல் வெளிவந்த ‘அந்தரப் பிழைப்பு’ தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டது. 1936-இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி 1938-ஆம் ஆண்டு. இந்த ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியக் குடியேற்றம் இலங்கையரின் வேலையைப் பறிக்கிறதா என்று ஆராய சர் எட்வர்ட் ஜாக்சன் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டிருந்தது. அதன் அறிக்கை 1938-இல் வெளியாயிற்று. குடியேறியவர்களால் இலங்கையர் வேலையிழந்தனர் என்பதற்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. அரசே அமர்த்திய குழு, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய அறிக்கை. அதன்பின் அந்தப் பேச்சு ஓய்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஓயவில்லை. அடுத்த ஆண்டே, 1939-இல், அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலைநீக்கும் திட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1937-இல், கிராமச் சபைத் தேர்தல்களில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்றும் ஆக்கியிருந்தார்கள்.

ஓர் அறிக்கை அச்சான பிறகும் ஒரு பொய் எப்படி உயிரோடு இருக்கிறது? அரசியல்வாதி அதை மறுநாளும் மேடையில் சொல்கிறார். நிருபர் அதை மறுநாளும் குறித்துக்கொள்கிறார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயா, நீங்கள் சொல்வதற்கு இதில் ஆதாரம் இல்லையே என்று கேட்க ஒருவர் எழுந்தால் பேச்சு அங்கேயே தடுமாறும். எழாவிட்டால், சொன்னதையே சொன்னபடி அச்சிட்ட தாளே நாளடைவில் ஆதாரமாகிவிடுகிறது. செல்வாக்குள்ள கொழும்புப் பத்திரிகை நிறுவனத்தின் உரிமையாளர் டி. ஆர். விஜேவர்த்தனா, அன்றைய தேசியத் தலைவர்களுக்கு நெருக்கமானவர் என்பது வரலாறு அறிந்தது. நண்பரைக் கேள்வி கேட்பது யாருக்கும் கடினமே.

இலங்கை மட்டும் இப்படி இருந்தது என்று எண்ண வேண்டா. அதே 1938 ஜூலையில் இரங்கூனில் இந்தியருக்கு எதிராகப் பெருங்கலவரம் வெடித்தது. செட்டியார்கள் நிலம், இந்தியத் தொழிலாளர் போட்டி என்று நெடுநாளாக ஊறிய வெறுப்புக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிய கிளர்ச்சி தீ வைத்தது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு, பர்மியப் பத்திரிகைகள் அந்தத் தீயை விசிறியதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே ஜூலையில், பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகளின் பேராளர்கள் கூடினார்கள். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வரும் யூதர்களை யார் ஏற்பது என்பது பொருள். அநேகமாக எல்லோரும் இரங்கினார்கள். கதவைத் திறந்தவர் மிகச் சிலரே. அடுத்த மாதம் இலண்டனில் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை, ஜெர்மானிய யூதர்கள் நாட்டுக்குள் பெருகி வருவதாக அச்சுறுத்தும் தலைப்பிட்டது. கொழும்பு, இரங்கூன், இலண்டன் என மூன்று ஊர்களிலும் அந்த ஆண்டில் ஒரே வகைச் சொல் புழங்கியது. வெள்ளம், பெருக்கு, மூழ்குதல். மனிதரைப் பற்றிப் பேசத் தண்ணீரின் சொற்கள்! எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் இத்தகைய சொல் வந்தால் எண்ணிக்கை தப்பித்துக்கொள்கிறது.

1939-இல் நிலைமை முற்றியது. ஜூலையில் நேரு இலங்கை வந்து பேச்சு நடத்தினார், பயன் சிறிதே. அவர் வருகையின்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. ஆகஸ்டு முதல், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. 1940-இல் மீனாட்சி அம்மையாரின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டு நூல் வெளிவந்தது. வேலைநீக்கத்தையும் வெறுப்புப் பேச்சையும் அம்மையார் பாட்டாகவே எதிர்த்தார். நாளேடுகள் தயங்கியதைச் சில அணா விலைப் பாட்டுப் புத்தகம் செய்தது என்றால் மிகையாகாது.

நடேசய்யரிடம் குறையே இல்லை என்று சொல்வது அவருக்குச் செய்யும் நன்மையன்று. அவர் பத்திரிகையாசிரியர்; அவரே சங்கத் தலைவர்; அவரே சபை உறுப்பினர். குணசிங்காவின் பத்திரிகை குணசிங்காவைக் கேள்வி கேட்காது என்று குறை கூறினோம். நடேசய்யரின் பத்திரிகை நடேசய்யரை யார் சார்பில் கேள்வி கேட்டிருக்கும்? இந்தியர் காங்கிரசோடு அவர் ஒத்துப் போகவில்லை. புதிய தலைவர்களின் தொழிற்சங்கம் வளர, அவர் சங்கம் தேய்ந்தது. தனியொருவராக எதையும் தொடங்கும் ஆற்றல் அவரிடம் நிறைய இருந்தது. தமக்குப் பின் நிற்கும்படி ஒன்றை விட்டுச் செல்லும் பொறுமை அந்த அளவு இருந்ததாகத் தெரியவில்லை. 1947 தேர்தலில் தோற்றார். எந்த மக்களுக்கு வாக்கு வேண்டும் என்று வாதாடினாரோ, அம்மக்களின் வாக்குகள் இந்தியர் காங்கிரசுக்குப் போயின.

அந்த ஆண்டில்தான் செல்வநாயகம் ‘சுதந்திரன்’ நாளிதழைத் தொடங்கினார். அதன் முதல் ஆசிரியராக அமர்ந்தவர் நடேசய்யர். அறுபதை ஒட்டிய வயதில் மீண்டும் ஆசிரியர் நாற்காலி. சில மாதங்களே இருந்தார். 1947 நவம்பர் 7-ஆம் நாள் காலமானார்.

அவர் கண் மூடி மூன்று மாதத்தில் இலங்கை விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற அரசு முதலில் செய்த பெருஞ்செயல்களில் ஒன்று 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அது. லயனில் பிறந்தவனுக்கு யார் பிறப்புச் சீட்டு எழுதி வைத்தார்கள்? 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்கும் போயிற்று. இருபது ஆண்டுகளாக மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய அச்சம், கடைசியில் சட்டப்பிரிவாக அச்சேறியது. யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர்களிலும் எல்லோரும் உறுதியாக நிற்கவில்லை; அதைக் காரணமாகக் கொண்டே செல்வநாயகம் கட்சியைப் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நடேசய்யர் அமர்ந்த ‘சுதந்திரன்’ அக்கட்சியின் குரலாயிற்று.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே அவர்களை ஒரு சொல் கேட்டார் இல்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் நீலகிரிக்கும் பிற மலைகளுக்கும் வந்த பலர், பிறந்த நாள் முதல் இந்தியாவைப் பார்த்திராதவர்கள். 1983 கலவரத்துக்குப் பின் வந்த அகதிகளிலும் மலையகத் தமிழர் கணிசமாக உண்டு. இலங்கை, தன்னிடம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-இல் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்தது. இங்கோ 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு அழைக்கத் தொடங்கியது. பெயர் மாறிய முகாம்களில் குடியுரிமை கேட்டு வழக்காடுவோர் இன்றும் உள்ளனர்.

இராமேசுவரத்துக்குச் சுற்றுலா போகும் நண்பர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். நடேசய்யர் காலத்தில் இலங்கைக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களை இறக்கியதும் அங்கேதான். 1983-க்குப் பின் வந்த அகதிகளைத் தங்க வைத்ததும் அங்கேதான்.

நடேசய்யரின் வாழ்வைத் தேடித் தொகுத்தவர் மலையக எழுத்தாளர் சாரல் நாடன். பழைய இதழ்களைத் துருவி 1988-இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். பத்திரிகையாளர் என்ற முறையில் நடேசய்யரைப் பற்றித் தனியே இன்னொரு நூலும் எழுதினார். ஈழத்து நூல்களைத் தொகுத்து வைத்திருக்கும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் மலையக நூல்கள் பல கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. நம் வரலாற்றுத் துறையில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தோழர்கள் அங்கிருந்து தொடங்கலாம். சேலம், நாமக்கல் பகுதியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களைப் பற்றி இங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கவும் இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.